சைக்கிள் பழகத் தொடங்குவோருக்கு



சைக்கிள் விடுதல் வாலிபர்க்கே உரியதென்றும், ஸ்திரீகளுக்கு ஒவ்வாததென்றும் கிராமங்களில் நெடுங்காலம் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. புதுக்கோட்டை ஜில்லா அதைப் பொய்யாக்கியது. 1991-ஆம் வருஷத்தில் அங்கு தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. அப்பொழுது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் இதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். வயல் வேலை செய்வோரும், கல் குவாரிகளில் உழைத்த மாதரும், கிராம நர்சுகளும் பதினாயிரக்கணக்கில் பழகினர். 1992-ஆம் வருஷம் சர்வதேச மாதர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட ஸ்திரீகள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். பஸ்ஸையும் புருஷனையும் எதிர்பார்த்து நின்றவர்கள், பின்னால் தண்ணீர்க் குடமும் முன்னால் குழந்தையுமாகத் தாமே போகலாயினர். பெண்களுக்கான வண்டி போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினர். அதன் குறுக்குக் குழாயின்மேல் குழந்தையை உட்கார வைக்கலாமென்பது அவர்கள் கண்ட சௌகரியம்.

இனிப் பழகும் முறை. முதலில் ஆசனத்தை நன்றாய்த் தாழ்த்தி, உட்கார்ந்தபடி இரு பாதங்களும் தரையில் படும்படி செய்துகொள்ள வேண்டும். பெடலை மறந்துவிட்டு, சற்றே சரிவான கெட்டித் தரையில் கால்களால் உந்தி உந்திப் போகலாம். மணலும் வரப்பும் ஆகா. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டிலைச் சிறிது திருப்பினால் அது நிமிரும். பழகாதவர் பயத்தில் மறுபக்கம் திருப்பி விழுகிறார். மெதுவாய்ப் போனால் விழமாட்டோம் என்று நினைப்பதும் தவறு. மிக மெதுவாய்ப் போகும் வண்டியே அதிகம் ஆடும். கண் முன்சக்கரத்தின்மேல் அல்ல, பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் பாதையில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து பிடிப்பவர் ஆசனத்தைப் பிடிக்கலாம். ஹாண்டிலைப் பிடித்தால் பழகுபவருக்கு ஒன்றும் வராது. பெரிய வண்டியில் குரங்குப் பெடல் போடும் சிறுவர்கள் ஆசானில்லாமலே இவ்வளவும் கற்றுவிடுகிறார்கள்!

கால் தூக்கிச் சிறிது தூரம் உருளத் தெரிந்த பின்னரே பெடல். ஆசனத்தைப் பிறகு சிறிது சிறிதாக உயர்த்தலாம். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்துவது அபாயம். இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்க வேண்டும். வேஷ்டி, புடவைத் தலைப்பு இவற்றைச் செயினிலும் சக்கரத்திலும் சிக்காமல் செருகிக்கொள்வது அவசியம்.

கடன் மனுப் போடுமுன் வாடகை வண்டியிலோ அயலார் வண்டியிலோ பழகிக்கொள்வது உத்தமம். தவணை முடியுமட்டும் திண்ணையில் சாத்தி வைத்திருக்கும் புது வண்டிகள் பல ஊர்களில் உண்டு.