வாய்ப்பேச்சும் வேலைக் கூலியும்

(தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சீபீல்ட் தோட்டத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் 1976-ஆம் ஆண்டு முதல் சுபாங் ஜெயா நகரம் எழுந்தது. உளி பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கரண்டி பிடித்துக் கொத்து வேலை செய்கிறார்கள். கிள்ளானில் அடுக்களை நீட்டுவது, பிரிக்பீல்ட்ஸில் கூரை மாற்றுவது, மதில் கட்டுவது, ஓடு பதிப்பது போன்ற சிறு வேலைகளில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். "நம்ம ஆள்தானே, பணம் எங்கே போகும்?" என்று தொடங்குகிறோம். வேலை முடிந்த பிறகு "அடுத்த வாரம் வாருங்கள்" என்கிறார்கள். அந்த அடுத்த வாரம் வருவதேயில்லை.

"எழுத்தில் ஒன்றுமில்லையே, இனி என்ன செய்வது?" என்று பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தாள் இல்லை என்பதனால் கூலி செத்துவிடாது. ஆனால் கணக்கும் காலமும் தவறினால் அது செத்துவிடும்.

1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இருவரும் மனமொப்பிப் பேசி, முறையான வேலைக்கு முறையான பணம் என்று முடிவு செய்தால் அது ஒப்பந்தமே. தொகை பேசாமலே வேலை செய்திருந்தாலும் அச்சட்டத்தின் 71-ஆவது பிரிவு துணைக்கு வருகிறது. முறையான வேலையாக இருக்க வேண்டும். அடுத்தவருக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். இலவசமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது. அதன் பலனை அவர் அனுபவித்திருக்க வேண்டும். இந்த நான்கு நிபந்தனைகளையும் 1967-இல் பிரிவி கவுன்சில் ஒரு மலேசிய வழக்கில் எடுத்துரைத்தது. நாம் கட்டிய அடுக்களையில் சமைத்துச் சாப்பிடுகிறவர், பலன் இல்லை என்று எப்படிச் சொல்வார்?

அடுத்த கேள்வி, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. நாம் கூலியாளா, குத்தகைக்காரரா என்று முதலில் தெளிய வேண்டும்.

ஒருவர் சொன்ன நேரத்துக்கு, அவர் தந்த சாமானையும் கருவியையும் கொண்டு, அவர் கட்டளைப்படி வேலை செய்தவர் கூலியாள். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றாலும், இத்தகைய அடையாளங்களைக் கண்டு அவரைத் தொழிலாளி என்றே அனுமானிக்க வேண்டும் என்று, 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு புதிய பிரிவு நடப்புக்கு வந்துள்ளது. அவர் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை. கீழ்க் குத்தகைக்காரர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால், அவருக்கு வேலை கொடுத்த மேல் குத்தகைக்காரரையும், வீடமைப்பு நிறுவனமாக இருந்தால் அதனையும், மூன்று மாதச் சம்பளம் வரை பிடிக்க அதே சட்டத்தின் 33-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தன் சொந்த வீட்டைக் கட்டச் சொன்ன சாதாரண வீட்டுக்காரர் மேல் இந்தப் பிரிவு பாயாது.

மொத்தத் தொகை பேசி, தாமே ஆள் வைத்து வேலையை முடித்தவர் குத்தகைக்காரர். அவருக்கு நீதிமன்றமே வழி. 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைக்கு வக்கீல் இல்லாமல் வழக்காடும் முறையை வகுத்தன. அதற்கு மேல் 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். காலக்கெடு ஆறு வருடம். எதிராளி பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்தாலும், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், அன்றிலிருந்து புதிதாக ஆறு வருடம் தொடங்கும்.

கட்டுமானத் தொழிலில் பணத்தை விரைவாக வசூலிக்க 2012-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றி, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். "மேலிடத்துப் பணம் வந்தால்தான் தருவேன்" என்ற நிபந்தனையைக்கூட அந்தச் சட்டம் செல்லாததாக்குகிறது. ஆனால் அது எழுத்து ஒப்பந்தத்துக்கு மட்டுமே உரியது. வாய்ப்பேச்சில் வேலை எடுத்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஒரு துண்டுத் தாளின் விலை எவ்வளவு என்று இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தோழர்களே, கணக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. பெரட்டுக்குப் போன நாளும், வெட்டிய பாலின் எடையும் செக்ரோலில் ஏறாவிட்டால் நாம் சும்மா இருப்போமா? 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. முதலாளிமார் சங்கத்தோடு எழுதிக் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் இருப்பதால்தான் கூலிக்குத் தாளைக் காட்டிப் பேச முடிகிறது. அந்த வழக்கத்தைக் கொத்து வேலைக்கும் கொண்டுபோவோம்.

வேலைக்குப் போன நாள், உடன் வந்த ஆட்கள், வாங்கிய முன்பணம், சிமெண்டு வாங்கிய ரசீது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். பேசிய தொகையை அன்றிரவே கைத்தொலைபேசியில் செய்தியாக அனுப்புங்கள். "சரி" என்று ஒரு பதில் வந்தாலும் அது சாட்சியம்தான். கூடுதல் வேலை சொன்னால், கூடுதல் பணத்தையும் அப்போதே பேசி முடியுங்கள்.

பணம் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். இங்கே கிராணிமார் உதவ வேண்டும். செய்த வேலை, பேசிய தொகை, வந்தது, பாக்கி, கொடுக்க வேண்டிய நாள் என்று ஐந்தே வரியில் கடிதம் போதும். திட்டு வேண்டாம். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள். வேலையில் குறை இருந்தால் அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இல்லையேல் அந்தக் குறையே எதிராளிக்கு ஆயுதமாகிவிடும். கோபத்தில் பதித்த ஓட்டைப் பெயர்க்காதீர்கள், கட்டிய மதிலை இடிக்காதீர்கள். பணம் கேட்கப் போனவர் போலீசில் நிற்கும்படி ஆகிவிடும்.

சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். எழுதி வைத்தால் சொந்தம் கெடாது. கொடுக்காத பணம்தான் சொந்தத்தைக் கெடுக்கும். பாக்கி வர வேண்டியவர்கள் இந்த வாரமே நாட்களை எண்ணிப் பாருங்கள். கூலியாளாக வேலை செய்து, 90 நாள் இன்னும் கடக்காதவர்கள் நாளையே தொழிலாளர் இலாகாவுக்குப் புறப்படுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு நம் எல்லாருக்கும் உண்டு.