நேரம் தெரிந்த மீட்டரும் இலவச நூறு யூனிட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஹாஸ்டல் கதை, சினிமாவுக்குச் சுவர் ஏறிக் குதித்த கதை எல்லாம் போன வருஷமே ஆகிவிட்டது, இந்தத் தடவை உருப்படியாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, எல்லார் வீட்டு வாசலிலும் தொங்குகிற ஒரு சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். கரண்டு மீட்டர்.

பீங்கான் படித்தவனுக்கு மீட்டரோடு என்ன உறவு என்று கேட்காதீர்கள். மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஃபியூஸ் கட்டை இருக்குமே, அது நம்ம சரக்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கூடவே வந்த வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலத்துச் சூளைகளுக்குச் சோறு போட்டது. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் அதில் வந்தவை. நிலக்கரி மேலே வரும் மண்ணை நமக்குக் கொடுத்தது. 1962-ல் ஓட ஆரம்பித்த நெய்வேலி அனல் மின் நிலையத்துக்குத் தன்னையே கொடுத்தது. அதனால் இந்த விஷயத்தில் நாம் மூன்றாம் மனிதர் இல்லை.

இதுவரை நாம் பார்த்த மீட்டருக்கெல்லாம் ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும்: எவ்வளவு. பழைய மீட்டரில் அலுமினியத் தட்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், சின்ன வயதில் அதன் சிவப்புக் கோட்டை எண்ணாதவர் யார்? 1880-களின் கடைசியில் ஹங்கேரிப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி செய்த மீட்டரின் வம்சம் அது. நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தது. நீங்கள் மத்தியானம் 12 மணிக்கு மாவு அரைத்தாலும் சரி, ராத்திரி 8 மணிக்கு அரைத்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். ரீடிங் எடுக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். பின்னால் வந்த எலக்ட்ரானிக் மீட்டரும் நம் வீட்டைப் பொறுத்தவரை அதே வேலையைத்தான் செய்தது.

ஸ்மார்ட் மீட்டர் என்பது "எப்போது" என்பதையும் குறித்து வைக்கிற மீட்டர். 15 நிமிஷத்துக்கு ஒரு முறையோ அரை மணிக்கு ஒரு முறையோ செலவைப் பதிந்து, செல்போன் மாதிரி ஒரு தொடர்பின் வழியாக ஆபீசுக்கே அனுப்பிவிடும். சென்னை தியாகராய நகரில் சோதனையாகச் சுமார் 1.4 லட்சம் மீட்டர்கள் மாட்டினார்கள். தமிழ்நாடு முழுக்க மாட்டுவதற்காக 2023-ல் கேட்ட டெண்டரை, வந்த விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. மீட்டர் ஒரு நாள் வரத்தான் போகிறது. வந்தால் பில் எப்படி இருக்கும் என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் 2023 ஜூனில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தம். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீட்டுக்கு நேரத்துக்கு ஒரு கட்டணம். வெயில் அடிக்கும் நேரம் என்று மாநில ஆணையம் குறிக்கும் 8 மணி நேரத்தில் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் கழிவு. நெருக்கடி நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல், கம்பெனிகளுக்குக் குறைந்தது 20 சதவீதம். விவசாயத்துக்கு விலக்கு. 2025 ஏப்ரலுக்குள் வீடு வரைக்கும் வந்துவிட வேண்டும் என்றது விதி. தமிழ்நாட்டில் 2025 ஜூலைக் கட்டண மாற்றத்திலும் வீட்டுக்கு நேரக் கட்டணம் போடவில்லை. ஆனால் 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 62-ஆவது பிரிவே, மின்சாரம் தேவைப்படும் நேரத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வித்தியாசம் வைக்கலாம் என்கிறது. கதவு அப்போதே திறந்துதான் இருந்தது.

இதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் வெயில் தாங்கிக்கொள்கிறது. சாயந்திரம் 6 மணிக்குச் சூரிய மின்சாரம் கையை விரித்துவிடும், அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் லைட்டு, டிவி, ஃபேன், ஏசி. நெய்வேலி மாதிரி நிலையத்தைச் சுவிட்சு போடுகிற மாதிரி ஏற்றி இறக்க முடியாது. சூளை வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும், 1200 டிகிரிக்குப் போன சூளையை ஆறு மணிக்கு அணைத்துப் பத்து மணிக்குப் பற்றவைக்க முடியுமா? குறையை வெளிச் சந்தையில் வாங்க வேண்டும். அந்தச் சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைக்கும் அளவுக்குப் போனது விலை. மத்தியானத்து யூனிட்டும் ராத்திரி எட்டு மணி யூனிட்டும் வாரியத்துக்கு ஒரே அடக்கவிலை இல்லை என்பது உண்மைதான்.

நம் தொழிற்பேட்டை நண்பர்கள் இதை ஏற்கெனவே அனுபவித்தவர்கள். 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் சிறு ஆலைகளுக்கும் நெருக்கடி நேரக் கட்டணம் 25 சதவீதம் என்று வந்தது. ஊர் ஊராகச் சிறுதொழில்காரர்கள் கதவடைத்தார்கள், 2023-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். பால் மில்லில் ஒரு முறை சரக்கைப் போட்டால் மணிக்கணக்காக ஓட வேண்டும். இடையில் நெருக்கடி நேரம் வந்தால் கல்லும் மண்ணும் காத்திருக்குமா? ஜிக்கரை ராத்திரிக்கு மாற்றலாம், ஆனால் அதில் உட்காரும் பெண் பிள்ளையை வீட்டுக்கு விட்டுவிட்டு வரணுமே!

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நேரக் கட்டணம் எங்கே பலிக்கும்? சேமித்து வைக்க வழி இருக்கிற வீட்டில் பலிக்கும். பிரிட்டனில் 1978-லேயே "எக்கானமி 7" என்று ராத்திரி ஏழு மணி நேரத்துக்கு மலிவு விலை கொண்டுவந்தார்கள். அங்கே வீட்டுக்குள் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே கனமான செங்கற்கள். ராத்திரி மலிவுக் கரண்டில் கல்லைச் சூடேற்றி, பகல் முழுக்க அந்தச் சூட்டில் குளிர் காய்வார்கள். மின்சாரத்தைச் சேமித்தது யார்? செங்கல்! நம்ம பாடம் ஐயா அது, நம்ம சப்ஜெக்ட்!

நம் வீட்டில் அப்படிச் சேமிக்க என்ன இருக்கிறது? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மோட்டாரை மத்தியானம் போட்டுக்கொள்ளலாம். துணி மிஷினை மாற்றலாம். கிரைண்டரையும் மாற்றலாம். யோசித்துப் பார்த்தால் இட்லி மாவுதான் நம்ம ஊர் பேட்டரி, மத்தியானம் அரைத்து வைத்தால் மறுநாள் காலைக்குப் பொங்கி நிற்கும். (தங்கைகள் முறைப்பது தெரிகிறது. மத்தியானம் அரைப்பது யார் என்று கேட்கிறீர்கள். அண்ணன்மார்களும் அரைக்கலாம், விதியில் தடை இல்லை.) ஆனால் லைட்டை மாற்ற முடியாது. ஃபேனை மாற்ற முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளையைச் சாயந்திரம் தூங்கிவிட்டு மத்தியானம் படி என்று சொல்ல முடியாது. ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவி, ஒரு மிக்சி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். இவ்வளவுதான் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் மாற்றி வைக்க ஒன்றுமே இல்லை.

கேரளத்தார் இதை யோசித்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்திலிருந்து, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு நேரக் கட்டணம்: மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல், பகல் 12 மணி நேரத்துக்கு 10 சதவீதம் கழிவு. தண்டனை பெரிது, பரிசு சின்னது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் சின்ன வீட்டைத் தொடவில்லை. இலங்கை மின்சார சபை மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம் என்று வைத்தபோது, வீடுகளுக்கு அதை விரும்பினால் எடுத்துக்கொள்ளும் திட்டமாகத்தான் வைத்தது.

நம் மாநிலத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதை யாரும் பேசிக் கேட்கவில்லை. 2016 மே மாதத்தில் வந்த உத்தரவின்படி எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பழைய மீட்டரில் யூனிட்டுக்கு நேரம் கிடையாது, ஆகவே சிக்கல் இல்லை. ஸ்மார்ட் மீட்டரில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நேரம் உண்டு. அப்படியானால் அந்த இலவச 100 எந்த 100? மத்தியான யூனிட்டா, சாயந்திர யூனிட்டா?

கணக்குப் போடுவோம், காகிதம் எடுங்கள். சுலபத்துக்காக யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வீடு, இரண்டு மாதத்தில் 240 யூனிட். அதில் வெயில் நேரத்தில் 60, மாலை நெருக்கடியில் 80, மற்ற நேரத்தில் 100. இப்போதைய முறையில் 100 இலவசம், மிச்சம் 140-க்கு 700 ரூபாய். இனி மத்திய விதியின் குறைந்தபட்ச அளவைப் போடுவோம்: வெயில் யூனிட் 4 ரூபாய், மாலை யூனிட் ஐந்தரை. இலவசத்தை வெயில் யூனிட்டில் தொடங்கிக் கழித்தால், மிஞ்சுவது மாலை 80, மற்றது 60. பில் 740 ரூபாய். அதே இலவசத்தை மாலை யூனிட்டில் தொடங்கிக் கழித்தால், மிஞ்சுவது வெயில் 60, மற்றது 80. பில் 640.

பார்த்தீர்களா! அதே வீடு, அதே ஃபேன், அதே விலை. கழிக்கிற வரிசையை மாற்றியதில் 100 ரூபாய் வித்தியாசம். ஒன்றில் இப்போதைய பில்லைவிட 40 கூடுகிறது, இன்னொன்றில் 60 குறைகிறது. இப்படி ஒரு வரி கட்டண ஆணையின் எந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர் தன் வசதிக்கு ஒரு வரிசை வைத்துவிட்டால், அதுவே சட்டமாகிவிடும்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்ப் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் போட்டுப் பார்த்தேன். அதே 240-ல் வெயில் நேரத்தில் 20, மாலையில் 100, மற்றது 120. வெயிலிலிருந்து கழித்தால் 750, மாலையிலிருந்து கழித்தால் 680. அதுவும் 700-க்குக் கீழே.

வாரியத்துக்கு நஷ்டம் ஆகுமே என்பீர்கள். ஆகும். ஆனால் மாலையில் 400 யூனிட் இழுக்கும் மூன்று ஏசி வீட்டுக்கு இந்த 100 ஒரு பொருட்டே இல்லை, அவர் கூடுதலைக் கட்டித்தான் தீர வேண்டும், அவரால்தான் மாற்றவும் முடியும். விலையை வைத்து யாரை நகர்த்த வேண்டுமோ அவர் நகர்வார். சின்ன வீட்டின் விளக்கு தொந்தரவில்லாமல் எரியும்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வைத்திருப்பதுபோல் காலையிலும் நான்கு மணி நேரம் நெருக்கடி என்று வீட்டுக்கும் வைத்தால் சமையல் நேரம் முழுக்க மாட்டிக்கொள்ளும். அதைக் கட்டாயம் எதிர்க்க வேண்டும். ப்ரீபெய்டு முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். வாரச் சம்பளக்காரருக்கு ஐம்பதும் நூறுமாகக் கட்டுவது வசதியாகக்கூட இருக்கலாம். ஆனால் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. பணம் தீர்ந்ததும் தானாக அணைகிற மீட்டரில் அந்த 15 நாள் எங்கே போகும் என்பதற்குத் தெளிவான பதில் வாங்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? கட்டணத்தைத் தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம் மாற்றும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது முறை. 2022-ல் கோவை, மதுரை, சென்னை என்று கூட்டம் போட்டார்கள். இங்கேயிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்? வீட்டுக்கு நேரக் கட்டணம் என்ற பேச்சு வரும்போது கடலூர் மாவட்டத்தில் ஒரு கூட்டம் வேண்டும் என்று நம் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதமும், இலவச நூறை மாலையிலிருந்து கழிக்கக் கோரும் மனு ஒன்றும் தயார் செய்திருக்கிறேன். மேலே சொன்ன கணக்கு அதில் இணைப்பாக இருக்கிறது. வாசலில் மலர் கொடுக்கும் மேஜையில் வைத்திருக்கிறார்கள். சாப்பிடப் போகும் முன் படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். கணக்கில் தப்பு இருந்தால் நம் கணக்கு வாத்தியார் முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள்.