சிற்றிலும் பேரில்லும்



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது பழமொழி. மனிதனின் பொறுமையையும் பொருளையும் ஒருசேரச் சோதிக்கும் செயல்கள் இரண்டை அது எண்ணிச் சொல்கிறது. மூன்றாவதாக ஒன்றுண்டு, அது பிள்ளையை வளர்த்துப் பார்ப்பது. பழமொழி அதனை ஏன் விட்டது? வீடு கட்டுவதற்குக் கணக்கேடு உண்டு. கல்யாணத்திற்கு மொய்ப்புத்தகம் உண்டு. பிள்ளை வளர்ப்புக்கு ஏடில்லை. இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்று எந்தத் தாயும் எழுதி வைத்ததில்லை. எழுதப்படாத உழைப்பு எண்ணப்படாமற் போவது உலக வழக்கு.

வீடும் பிள்ளையும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இக்கேள்விக்குத் தனியொரு கூர்மை உண்டு. இங்கே வீட்டு வேலைக்கு நாள் குறிப்பவர் சோதிடர் மட்டுமல்லர். சாரலும் நாள் குறிக்கிறது. ஆனியில் மேல்காற்று எழுந்து செங்கோட்டைக் கணவாய் வழியே தூறலைக் கொணர்ந்து விடும். அதற்கு முன்பே, சித்திரை வைகாசியில், ஓடு மாற்றி, கைமரம் பார்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தாக வேண்டும். கொத்தனாரும் தச்சாசாரியும் அந்த இரு திங்களில் எல்லார்க்கும் வேண்டியவர்கள். ஒரு வீட்டில் காலையில் வந்தவர் மறுவீட்டிற்கு மாலையில் போவார். ஆனால் பிள்ளை பிறப்பதற்குச் சாரல் கணக்குத் தெரியாது. அது பங்குனியிலும் பிறக்கும், வைகாசியிலும் பிறக்கும்.

மனைவி சூலுற்றிருக்கையில் மனைக்கோள் தொடங்கலாகாது என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் உண்டு. அதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் எளிது. சாத்திரம் என்று தலைமேற் கொள்வதும் எளிது. இரண்டுக்கும் இடையில் ஓர் உலகியல் அறிவு அதனுள் இருக்கக்கூடும் என்று கருதுவதற்கும் இடமிருக்கிறது. ஒரு குடும்பத்தின் கைகள் இத்தனை என்று எண்ணி, அவற்றின் மீது இரு பாரங்களை ஏற்றாதே என்று சொல்லும் அறிவு அது. ஆயினும் இன்றைய குடும்பம் அதனைப் பின்பற்றும் நிலையில் இல்லை. கடன் கிடைக்கும் காலமும் விடுப்புக் கிடைக்கும் காலமும் பிள்ளை பிறக்கும் காலமும் ஒன்றாகவே வந்து விடுகின்றன. பாட்டி இருந்த வீட்டில் பாட்டி இல்லை.

ஆகவே அடுக்களை பாதி இடிந்து கிடக்கிறது. தண்ணீர்க் குடம் தார்சாவிற்கு வந்துவிட்டது. ஓட்டைப் பிரித்துவிட்டமையால் தொட்டில் கட்டிய உத்தரத்தின் கீழ் நிற்க முடியவில்லை. கொத்தனாரின் சுத்தி ஓயும்போதுதான் பிள்ளை உறங்குகிறது. பிள்ளை உறங்கும்போதுதான் சித்தாள் கல்லைக் கொட்டுகிறாள். சாரல் முந்திக்கொண்டால் பிள்ளைத் துணிகளை உலர்த்தவும் இடமில்லை. இக்காட்சியில் கணவன் வேலையாட்களோடு நிற்கிறான்; மனைவி பிள்ளையோடு நிற்கிறாள். மாலையில் வந்து பார்ப்பவர் எழும்பிய சுவரைப் பார்க்கிறார். அதற்குரிய பாராட்டைக் கணவன் பெறுகிறான். பிள்ளை அன்று நலமாக இருந்தது என்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. நலம் என்பது கண்ணுக்குப் படாத கட்டடம்.

இந்த இக்கட்டுக்குத் தமிழ் இலக்கியத்தில் வழிகாட்டி உண்டா என்று தேடினால், எதிர்பாராத இடத்தில் ஒன்று கிடைக்கிறது. அது பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்பன இருபாற்கும் பொதுவான பருவங்கள். ஆண்பாற்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என மூன்று சேரப் பத்தாகும். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்களை வைக்கும் மரபொன்று உண்டு. புலவர்கள் இதனைப் பாட்டின் இலக்கணமாகக் கொண்டனர். உற்று நோக்கினால் இது பிள்ளை வளர்ச்சியை நாள்தோறும் கூர்ந்து கண்டோர் வகுத்த அட்டவணை என்பது விளங்கும். வீட்டு வேலைக்கும் இதுவே அட்டவணையாகலாம்.

காப்புப் பருவத்துப் பிள்ளை கிடத்திய இடத்திலேயே கிடக்கும். ஓசையும் தூசியும் எட்டாத ஓர் அறையை ஒதுக்கிவிட்டால் பெரும் வேலைகளைச் செய்துகொள்ளலாம். இடித்தலும் கட்டுதலும் அப்போதே முடிய வேண்டும். செங்கீரையில் பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது. அன்று முதல் தரை பிள்ளையின் உலகமாகிறது. தரையில் உள்ளது கைக்கு வரும். கைக்கு வந்தது வாய்க்குப் போகும்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பழைய கதவுகளிலும் சன்னல்களிலும் உள்ள வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உப்புத்தாள் கொண்டு உலரத் தேய்த்தால் எழும் தூசி பிள்ளைக்கு நஞ்சு. உட்சென்ற ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலினும் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. நனைத்துத் தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அன்று பிள்ளையும் தாயும் வேறு வீட்டில் இருத்தல் வேண்டும். செங்கீரைக்கு முன் முடிக்க இயலாத பூச்சு வேலையை ஓராண்டு ஒத்திவைப்பதால் எந்த வீடும் இழிவடையாது.

தாற்பருவம் தொட்டிலின் பருவம். ஓட்டு வீட்டில் உத்தரமும், வார்ப்பு வீட்டில் தளத்தோடு பதித்த கொக்கியும் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குரிய காலம் அது. வாரானையில் பிள்ளை நடந்து வருகிறது. 'வருக வருக' என்று புலவர் அழைக்கலாம். திறந்த தண்ணீர்த் தொட்டியும், நீற்றிய சுண்ணாம்புக் குழியும், கைப்பிடியற்ற படிக்கட்டும் உள்ள வீட்டில் அவ்வாறு அழைக்கலாகாது. மூடியிட்ட பின்பே அழைக்க வேண்டும்.

ஒன்பதாவது சிற்றில். சிறுமியர் மணலில் வீடு கட்டுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய பிள்ளை அதனைக் காலால் சிதைக்கிறான். 'சிதையேல்' என்று அவர்கள் வேண்டுகின்றனர். கட்டுவோர்க்கும் பிள்ளைக்கும் உள்ள வழக்கு மிகத் தொன்மையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவ்வழக்கில் புலவர் எவரும் பிள்ளையைக் குற்றவாளியாக்கவில்லை. மணல் வீடு மீண்டும் எழும்; அப்பருவம் மீண்டும் வாராது.

பேரில்லைக் கட்டிய ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியர், அதில் பின்னாளில் பழுது நேருமாயின் அதனைத் திருத்துவோர் யாராயினும் அவர் அடிகளில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் பொறித்துச் சென்றார். அவர் அஞ்சியது வீணாகவில்லை. இராசகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைக் கோபுரமாக மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. கட்டியவன் காப்பவரை வணங்குகிறான் என்பதே அக்கல்வெட்டின் பெருமை. எழுப்புவது ஒருமுறை, காப்பது நாள்தோறும்.

அந்த வணக்கம் இல்லங்களுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. கட்டுபவன் ஆண் என்றும் காப்பவள் பெண் என்றும் பிரித்த பின், கட்டியதற்கே பெயர் பொறிக்கப்படுகிறது. பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துப் பாடினார். அவர்க்குப் பின் பிள்ளைத்தமிழ் பாடிய ஆண்புலவர் பலர் தாயின் குரலை ஏற்றனர். குரலை ஏற்பது கலை. தாயின் இரவை ஏற்பது கடமை. கொத்தனாருக்குக் கூலி கொடுத்த கை, நள்ளிரவில் தொட்டிலையும் ஆட்டட்டும். அன்று அவன் எழுதும் தாலாட்டில் பொய் இராது.

இலக்கிய வட்டத்திற்கும் இதில் பங்குண்டு. நெல்லை வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. இல்லத்தின் ஒரு பகுதியே 'வட்டத்தொட்டி' என்று தமிழுலகம் அறிந்த அவைக்குப் பெயர் தந்தது. பின்னர்க் குற்றாலத்தில் அவர் வாழ்ந்த இல்லத்தை இராசாசியும் கல்கியும் நாடி வந்தனர். அங்குக் கம்பன் விருந்தோடு இலைபோட்ட விருந்தும் இருந்தது. கவிதை கேட்க அமர்ந்தோர்க்கு அடுப்பின் முன் நின்றோர் உண்டு. எந்த இலக்கிய அவையும் ஏதோ ஒரு வீட்டின் தோள்மீதுதான் அமர்ந்திருக்கிறது.

பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. இவ்வட்டத்திற்கும் ஆண்டு பத்து. கைப்பிள்ளை உள்ள உறுப்பினர் கூட்டத்திற்கு வாராத மாதங்களை வருகைப் பதிவேட்டில் குறையாக எழுதாதிருத்தல் வேண்டும். பிள்ளையோடு வருவோர்க்குப் பின்வரிசையில் ஒரு பாய் விரித்தல் வேண்டும். தாய் கவிதை வாசிக்கையில் தந்தை பிள்ளையை ஏந்தி வெளித்திண்ணையில் உலவுதல் வேண்டும். இம்மூன்றும் பதினோராம் ஆண்டின் தீர்மானங்களாக நிறைவேறுமாயின், இதுகாறும் எழுதப்படாத கணக்கேட்டின் முதற்பக்கம் இவ்வட்டத்தில் எழுதப்பட்டதாகும்.

வாழ்க தமிழ்! வளர்க வட்டம்!