பட்டி ஹாலியின் இசைப் பேழை



மூலத்தில் உள்ளது எது, பின்னே வந்தவர் சேர்த்தது எது என்னும் கேள்வி, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம்மை விட்டு நீங்குவதே இல்லை. அலுவலகத்தில் ஒருவர் எழுதிய வரைவு மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு மேசையிலும் அதன்மேல் ஒரு வாக்கியம் ஏறிக்கொள்ளும். கையெழுத்தாகித் திரும்பும்போது, எழுதியவருக்கே அது தம்முடையதுதானா என்ற ஐயம் பிறந்துவிடும். ஏட்டுச் சுவடிகளில் இடைச்செருகல் புகுந்த கதையும் தமிழருக்குப் புதிதன்று. இசைத்தட்டிலும் இடைச்செருகல் உண்டு. இறந்துபோன ஓர் இளைஞரின் குரலுக்கு மேலேயே அது நிகழ்ந்தது. அந்தக் கதையையும், சேர்த்ததையும் சேராததையும் ஓரிடத்தில் வைத்து நமக்குக் காட்டிய ஓர் இசைப் பேழையையும் பற்றி இன்று பேசக் கருதுகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டெக்ஸாஸ் மாநிலத்தில், பருத்தி விளையும் சமவெளியில் லப்பக் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் சார்ல்ஸ் ஹார்டின் ஹாலி. வீட்டில் அழைத்த பெயர் பட்டி. குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இறுதி எழுத்துக்கு முன்னால் 'ஈ' என்ற எழுத்து ஒன்று வரவேண்டும். 1956-இல் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியார் அனுப்பிய ஒப்பந்தத்தில் அவ்வெழுத்து விடுபட்டுப் போயிற்று. அவரும் அதைத் திருத்தச் சொல்லாமல் விட்டுவிட்டார். உலகம் அறிந்த பெயர் அந்த எழுத்துப் பிழையால் வந்ததே. லப்பக் மயானத்தில் உள்ள கல்லில் மட்டும் விடுபட்ட எழுத்து மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

ராக் அண்ட் ரோல் என்னும் சங்கீதம், கறுப்பின மக்களின் தாளமும் துயரப் பாட்டும், தென்மாநிலத்து வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் ஒன்றுகூடி 1950-களில் உருவானது. ஹாலி முதலில் பாடியது நாட்டுப்புறப் பாட்டுத்தான். பள்ளித் தோழர் பாப் மான்ட்கோமரியோடு இணைந்து லப்பக் வானொலியில் பாடிவந்தார். 1955-இல் எல்விஸ் பிரெஸ்லி அவ்வூருக்கு வந்து பாடியபோது, அதே மேடையில் முன்னதாகப் பாடும் வாய்ப்பு இவ்விளைஞருக்குக் கிட்டியது. அதன்பின் அவருடைய போக்கே மாறிவிட்டது.

டெக்காவுக்காக 1956-இல் நாஷ்வில் நகரில் மூன்று முறை பாடிப் பதிவு செய்தார். ஒன்றும் எடுபடவில்லை. 'தட்'ல் பி த டே' என்ற பாட்டை அங்கே பாடியபோது, கம்பெனியார் அதை வெளியிடத் தகுந்ததென்றே கருதவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக் குளோவிஸ் என்னும் சிற்றூரில், நார்மன் பெட்டி என்பவரின் பதிவு நிலையத்தில் அதே பாட்டை மீண்டும் பாடினார். டெக்காவுக்குப் பாடிய பாட்டை ஐந்தாண்டுக் காலம் வேறிடத்தில் பதிவு செய்யலாகாது என்பது ஒப்பந்த விதி. ஆகவே தம் பெயரை மறைத்து, 'கிரிக்கெட்ஸ்', அதாவது சிள்வண்டுகள், என்ற குழுப் பெயரால் அதனை வெளியிட்டார்கள். வெளியிட்ட பிரன்ஸ்விக் என்பதோ டெக்காவின் கிளைதான்! வலக்கை தள்ளியதை இடக்கை வாங்கிக்கொண்டது. 1957 செப்டம்பரில் அப்பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

குளோவிஸ் நிலையத்தின் சிறப்பு ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பிற நகரங்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இங்கே பாட்டுக்கு இவ்வளவு. கடிகாரத்தைப் பார்க்காமல் இரவு முழுவதும் சோதித்துப் பார்க்க இடம் இருந்தது. 'எவ்ரிடே' என்ற பாட்டில் முரசு இல்லை; முரசடிப்பவராகிய ஜெரி ஆலிசன் தம் முழங்காலைத் தட்டியே தாளம் போட்டார். நார்மன் பெட்டியின் மனைவியார், சிறு மணிகள் போல் ஒலிக்கும் செலஸ்டா என்ற வாத்தியத்தை வாசித்தார். இவ்வளவுதான் பக்கவாத்தியம். 'பெகி ஸூ' என்ற பாட்டிலோ, ஒரு பெண்ணின் பெயரை எத்தனை விதமாகச் சொல்லக்கூடுமோ அத்தனை விதமாகவும் சொல்லித் தீர்க்கிறார். ஓர் அசையை உடைத்துப் பல துண்டாக்கி, நடுவில் விக்கல் வந்தாற்போல் குரலைத் தூக்கிப் போடும் வித்தை அவருக்கே உரியது. நம் காதுக்கு முதலில் அது விளையாட்டாகப் படும். நான்கைந்து முறை கேட்ட பிறகுதான் அது அளந்து செய்த வேலை என்று புலப்படும்.

1958 அக்டோபரில் நியூயார்க்கில் வயலின் முதலிய நரம்பு வாத்தியங்கள் சூழப் பாடினார். அந்த ஆண்டுக்குள் திருமணமும் முடிந்து, பெட்டியோடு கொண்டிருந்த தொடர்பும் முறிந்து, மனைவியோடு அந்நகரிலேயே ஒரு குடியிருப்பில் தங்கினார். ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவி ஒன்று வீட்டில் இருந்தது. டிசம்பர் முதல் ஜனவரி வரை, கையில் கிதார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, புதிதாக இயற்றிய ஆறு பாட்டுகளையும் பிறருடைய பாட்டுகள் சிலவற்றையும் தாமே அதில் பதிந்து வைத்தார். பிற்காலத்தில் வாத்தியங்கள் சேர்த்து முறையாகப் பாடுவதற்கான வரைவுகள் அவை என்று கொள்ளலாம்.

முறையாகப் பாடும் காலம் வரவில்லை. வருவாய் வழக்கில் முடங்கிக் கிடந்தபடியால், கடுங்குளிரில் மத்திய மேற்கு மாநிலங்களைச் சுற்றும் கச்சேரிப் பயணம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். பேருந்துகளில் கணப்புக் கருவி பழுதுபட்டது. முரசடிப்பவருக்குக் கால் உறைந்து மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. 1959 பிப்ரவரி 2-ஆம் நாள் அயோவாவில் கிளியர் லேக் என்னும் ஊரில் பாடி முடித்து, அடுத்த ஊருக்குச் சிறு விமானத்தில் செல்லப் புறப்பட்டார். பின்னிரவில் அவ்விமானம் விழுந்தது. உடன் சென்ற பாடகர்கள் ரிச்சி வாலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்ஸன் ஆகிய இருவரும், விமானியும் மாண்டனர். ஹாலிக்கு அப்போது வயது 22.

இடைச்செருகலின் கதை இதற்குப் பின்னர்த் தொடங்குகிறது. வீட்டு நாடாவில் இருந்த ஆறு பாட்டுகளுக்கும் 1959-இலும் 1960-இலும் நியூயார்க்கில் ஜாக் ஹான்ஸன் என்பவர் வாத்தியங்களும் கூட்டுக் குரல்களும் சேர்த்தார். 1962 முதல் நார்மன் பெட்டி, 'ஃபயர்பால்ஸ்' என்ற குழுவை வைத்துக் குளோவிஸில் இன்னொரு முறை சேர்த்தார். பழைய நாடாக்களையெல்லாம் தேடியெடுத்து இவ்வாறே மெருகிட்டு, பத்தாண்டுக் காலம் இசைத்தட்டுகள் வந்துகொண்டிருந்தன. 1958 மார்ச்சில் ஹாலி நேரில் வந்து பாடிய பிரிட்டனில் அவருக்கு அன்பர்கள் மிகுதி. இறந்து நான்கு ஆண்டு கழிந்த 1963-இலும் அங்கே அவருடைய இரண்டு பாட்டுகள் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. கேட்டவர்கள் கேட்டது பாதி ஹாலியை. மறுபாதி, அவர் இறந்தபின் வாசித்தவர்களை.

1979-இல் பிரிட்டனில் ஆறு நெடுந்தட்டுகள் கொண்ட 'கம்ப்ளீட் பட்டி ஹாலி' என்ற பேழை வெளிவந்தது. ஜான் பீச்சர், மால்கம் ஜோன்ஸ் ஆகிய இருவர் தொகுத்தது. பள்ளிப் பருவத்து இருவர் பாட்டு, நாஷ்வில் பதிவு, குளோவிஸ் பதிவு, நியூயார்க் பதிவு, வீட்டு நாடா எல்லாம் அதில் ஒருங்கே இடம்பெற்றன. பதிப்பாசிரியர் பாடபேதம் காட்டுவதுபோல், ஒரே பாட்டின் வேறு வேறு வடிவங்களையும் வைத்தார்கள். பிறகு 2009-இல், அவர் மறைந்து 50 ஆண்டு ஆனபோது, 'டவுன் த லைன்' என்ற இரு குறுந்தட்டுத் தொகுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. வீட்டு நாடாவின் பாட்டுகளை எதுவும் சேர்க்காமல் அதில் கேட்கலாம். கணவனும் மனைவியும் வீட்டில் ஏதோ பேசிக்கொள்வதும் அந்நாடாவில் பதிவாகி, தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது.

மூன்றாண்டு காலமே தொழில் நடத்திய ஒருவருக்கு ஆறு நெடுந்தட்டு மிகையல்லவா என்று கேட்போர் உண்டு. பள்ளிப் பருவத்துப் பாட்டுகள் ஆராய்ச்சியாளருக்கே பயன்படும் என்பது நம் கருத்து. அவற்றை மறுமுறை கேட்க நாம் விரும்பவில்லை. ஆயினும் அப்பேழை இல்லையென்றால் எது எவருடையது என்பதைக் காது வைத்துச் சோதிக்க வழியில்லை. 'லேர்னிங் த கேம்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். சேர்க்கப்பட்ட வடிவத்தில் முரசு சீராக நடக்கிறது, கூட்டுக் குரல் இழைகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தனி வடிவத்தில் கிதார் ஓரிடத்தில் சற்றுத் தயங்குகிறது. குரலும் அதனோடு தயங்குகிறது. அத்தயக்கம் பாட்டின் பொருளோடு ஒட்டியது. முரசு வந்ததும் அது தெரியாமல் போய்விடுகிறது.

இதைக் கொண்டு ஹான்ஸனையும் பெட்டியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் ஆகாது. அவர்கள் சேர்த்திராவிட்டால் அந்நாடாவின் பாட்டுகள் வெகுகாலம் எவர் காதிலும் விழாமல் கிடந்திருக்கும். மேலும், 1957-இல் 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' என்ற பாட்டில் தம் குரலுக்கு மேல் தம் குரலையே இரண்டாம் முறை பதித்துச் சேர்த்தவர் ஹாலிதான். சேர்ப்பதில் அவருக்கு வெறுப்பில்லை. எதை எங்கே சேர்ப்பது என்பதைத் தாமே முடிவு செய்ய அவருக்கு நாள் கிடைக்கவில்லை, அவ்வளவே. ஆகையால் தனி வடிவத்தை முடிந்த பாட்டு என்று நாம் சொல்லமாட்டோம். வேறொருவர் கைபடாத வரைவு என்று மட்டும் சொல்வோம்.

கேட்க விரும்பும் நேயர்கள், தனி வடிவத்தை முதலிலும் சேர்க்கப்பட்டதைப் பிறகும் கேட்பது நலம். வரிசை மாறினால், முன்பு கேட்ட முரசு மனத்துக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். 'லேர்னிங் த கேம்' ஏறக்குறைய இரண்டு நிமிஷம்தான். அதன்பின் அந்த வீட்டுப் பேச்சையும் ஒருமுறை கேட்கலாம்.