நிரலை எழுதும் நிரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விழா மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்தவனைக் கண்டு சிறுவர்கள் கொட்டாவி விடுகின்றனர். அவர்கள்மீது குற்றமில்லை. ஆயினும் நம் காலனியில் பல வீடுகளில் ஒருவரேனும் அத்தொழிலில் இருக்கின்றனர். "நள்ளிரவு வரை அப்படி என்னதான் எழுதுகிறாய்?" என்று தாய் கேட்டால் தக்க விடை கிடைப்பதில்லை. உண்மையைச் சொல்வதானால், அவர்கள் எழுதுவதில் ஒரு பகுதி, முன்பு எழுதியதையே பெயர் மாற்றித் திரும்ப எழுதுவதாகும். அந்தச் சுமையைக் குறைக்க அத்தொழிலின் வல்லுநர் கண்ட வழியைக் கூறவே வந்தேன்.

கணிப்பொறியில் எல்லாவற்றுக்கும் அடியில் நின்று ஆள்வது இயக்க அமைப்பு. லினக்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு நிரல் கோப்பைப் படிப்பதானாலும், திரையில் எழுதுவதானாலும், அதனிடம் விண்ணப்பித்தே பெறவேண்டும். முந்நூற்றுக்கு மேற்பட்ட அவ்விண்ணப்பங்களுக்கு ஆளுக்கோர் எண் உண்டு. அவ்வெண்களோ எல்லாப் பொறிகளிலும் ஒன்றல்ல. இன்டெல் வழிவந்த 64 பிட் பொறிகளில் 'படி' என்பது 0. 'எழுது' என்பது 1. அதே குலத்துப் பழைய 32 பிட் பொறிகளில் அவை 3, 4. ஆர்ம் 64 பிட் பொறிகளில் 63, 64. இன்னொன்று கேளுங்கள். முதற்சொன்ன பொறியில் 'எழுது' எனப் பொருள்படும் 1, இரண்டாவதில் 'என்னை முடித்துவிடு' எனப் பொருள்படுகிறது! எண் தவறினால் நிரல் எழுதவேண்டிய இடத்தில் உயிரை விட்டுவிடும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு சிறு நிரற்பகுதி வேண்டும். கொடுத்த பொருள்களை உரிய அறைகளில் வைத்தல், எண்ணைச் சொல்லுதல், விடை எதிர்மறையாக வந்தால் பிழையென அறிவித்தல் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இவற்றைப் பொறிக்குப் பொறி கையால் எழுதப் புகுந்தால் என்ன ஆகும்? இருநூறாவது படியை எழுதும்போது கண் அயரும். ஓர் எண் மாறும். மொழிமாற்றியாகிய கம்பைலர் தடுக்குமோவெனில், தடுக்காது. அதற்கு எந்த எண்ணும் எண்ணே.

நிற்க. கூகுள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட கோ என்னும் மொழியைச் செய்தவர்கள் இதற்கு எளிய வழி கண்டனர். விண்ணப்பம் ஒன்றுக்கு ஒரே ஒரு வரி. பெயர் இன்னது, கொடுப்பவை இவை, பெறுபவை இவை என்று அவ்வரியில் மனிதன் எழுதுவான். எம்கேசிஸ்கால் என்ற சிறு நிரல் அவ்வரிகளைப் படித்து முழுப் பகுதிகளையும் தானே எழுதிவிடும். அதன் விளைவான கோப்பின் பெயர் 'இசட்' எழுத்தில் தொடங்குவதால் பட்டியலின் கடைசியில் போய் நிற்கும்; தலைப்பில் "டூ நாட் எடிட்", அஃதாவது 'இதில் கைவைக்காதே' என்ற எச்சரிக்கை இருக்கும். லினக்ஸிலும் எண்களும் பெயர்களும் ஓர் அட்டவணையில் உள்ளன. அதிலிருந்தே தலைப்புக் கோப்புகள் பிறக்கின்றன.

தாய்மார்களுக்கு இது புதிதன்று. கைமுறுக்குச் சுற்றுவோருக்கு விரல் நோவு தெரியும். தேன்குழலுக்கோ நாழி உண்டு. வில்லையின் துளை எப்படியோ, பிழிவதெல்லாம் அப்படி. துளையில் பிசிறு இருந்தால் எல்லாத் தேன்குழலிலும் பிசிறு இருக்கும் என்பதும் மெய்தான். ஆனால் வில்லையை ஒரு முறை செப்பம் செய்தால் போதுமல்லவா? பிழிந்த பின் ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தவர் நிலையை எண்ணுங்கள். கைவைக்காதே என்ற கோப்பில் அவசரத்துக்குத் திருத்தம் செய்த இளைஞனின் நிலையும் அதுவே. மறுமுறை பிழியும்போது அவன் திருத்தம் சுவடின்றி மறையும்.

இக்கலை பழையது. 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் யாக் என்ற கருவியைச் செய்தார். ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், வாக்கியங்களைப் பகுத்துணரும் நிரலை அது எழுதித் தரும். 'இன்னும் ஒன்றா!' என்ற கேலியும் அதன் பெயரிலேயே அடங்கியுள்ளது. கோ மொழியில் 2014 முதல் இதற்கெனத் தனிக் கட்டளையே உண்டு.

மூன்றே படிகள் வேண்டியவிடத்தில் நாழி செய்யப் புகுவது வீண் வேலை என்பேன். கையால் எழுதிவிடலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு கேட்டவுடன் நிரல் எழுதித் தருகிறதே, பின் இது எதற்கு என்பர் இளைஞர். என் கருத்து வேறு. நாழி நிரலுக்கு இன்றும் நாளையும் அதே அட்டவணையைக் கொடுத்தால் அதே விளைவு வரும். நுண்ணறிவு அவ்வாறு உறுதி கூறாது. முந்நூறு படிகளை அது நொடியில் எழுதினாலும், படித்துச் சரிபார்க்க வேண்டியவை முந்நூறும் அல்லவா? நாழியைச் செய்ய அதனிடம் உதவி கேளுங்கள். நாழி சிறியது, ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம்.

"அப்படியானால் என் பிள்ளையின் வேலை?" என்று சென்ற வாரம் ஒரு தந்தையார் கேட்டார். படியெடுக்கும் வேலை போகும். அதை மறைப்பதில் பயனில்லை. 1957இல் ஃபோர்ட்ரான் வந்தபோது அதனையே தானியங்கிக் குறியாக்க முறை என்றனர். அதற்குப் பின் நிரல் எழுதுவோர் தொகை பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. ஆனால் அவர்கள் செய்யும் வேலை மாறிற்று. அந்த ஒற்றை வரியில் எது கொடுப்பது, எது பெறுவது, எது பிழை என்று தீர்மானிப்பவன் இன்றும் மனிதனே. ஆகவே, பிள்ளை வீடு திரும்பியதும் "இன்று எத்தனை வரி எழுதினாய்?" என்று கேளாமல், "எதை எழுதாமல் தவிர்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். கேட்டாரா என்று இன்னும் தெரியவில்லை; அவர் மூன்றாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.