பயிற்சிக்கு நாள் குறிப்பது எப்படி?

சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதையொட்டி ஆண்டுதோறும் இணையவழிப் பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் பல. நாள் குறிப்பதில்தான் கோளாறு. எல்லாருக்கும் ஜனவரி என்று கணினியில் பதிந்துவிட்டால், பிப்ரவரியில் சேர்ந்தவர் 11 மாதம் பயிற்சியின்றியே வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணைக் கையாள்வார்.

சரி, முடித்த நாளிலிருந்து ஓராண்டு எண்ணலாமா? ஒரு மாதம் முந்தி முடித்தால் அடுத்த கெடுவும் ஒரு மாதம் முந்தும். பிறகு யார் முந்துவார்? நானே கடைசி இரவில், ஒப்பனை அறையில், படிக்காமலே பொத்தானைத் தட்டி முடித்தவள்தான்!

சேர்ந்த வாரத்திலேயே முதல் பயிற்சி; பின்பு ஆண்டுதோறும் அதே நாள்தான் கெடு. 30 நாள் முன்னதாகவே பாடத்தைத் திறந்துவிடுங்கள். முந்தி முடித்தாலும் கெடு நகரக்கூடாது. வேலை நேரத்திலேயே அரை மணி கொடுங்கள், இரவு வேலை பார்ப்பவருக்கும்தான்.