மீல் மேக்கரும் ஆஸ்திரேலிய ஆடுகளும்

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு, இப்போ டமாக்ஸிஃபென் மாத்திரை போயிட்டிருக்கு. "சோயாவுல ஈஸ்ட்ரோஜன் இருக்குன்னு குடும்ப குரூப்ல ஃபார்வேர்ட் வந்துச்சு. அம்மா பயந்துபோய் மீல் மேக்கரையே நிறுத்திட்டாங்க. சைவம் வேற. நிறுத்தணுமா?" இதுதான் கேள்வி. நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். ஆனா படிச்சதைச் சொல்லலாம்.

முதல்ல, சோயாவுல இருக்கிறது ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஜெனிஸ்டீன், டெய்ட்சீன்னு ரெண்டு ஐசோஃபிளேவோன்கள். ஃபிளேவனாய்டு குடும்பத்துல ஒரு கிளை. பிரச்சனை அதோட வடிவம்தான். மூலக்கூறோட ரெண்டு முனையிலயும் ஒரு ஓ.எச். குழு இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம், நம்ம உடம்போட எஸ்ட்ராடையோல்ல இருக்கிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய ஏற்பியில இதுவும் போய் உட்கார்ந்துக்குது.

உட்கார்ந்தா என்ன ஆகும்? இங்கதான் ஆடு வருது. 1940கள்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு வகை க்ளோவர் புல்லுல மேய்ஞ்ச செம்மறி ஆடுகள் சினை பிடிக்கலை. சிலதுக்குக் கருப்பையே வெளியே தள்ளிடுச்சு. காயடிச்ச கிடாக்களுக்குக்கூட மடியில பால் சுரந்திருக்கு! பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர்னு மூணு பேர் 1946ல இதைப் பதிவு பண்ணாங்க. பின்னாடி காரணம் தெரிஞ்சது. அந்தப் புல்லுல இருந்த ஃபார்மோனோநெட்டின்னு ஒரு ஐசோஃபிளேவோனை, ஆட்டோட அசை போடுற வயித்துல இருக்கிற நுண்ணுயிரிகள் டெய்ட்சீனா மாத்தி, அதுக்கப்புறம் ஈக்வால்னு இன்னும் வலுவான ஒண்ணா மாத்துது. (ஈக்வாலை முதல்ல பிரிச்சு எடுத்தது 1932ல, சினைக் குதிரையோட சிறுநீர்ல இருந்து. பேரே அதனாலதான்.)

ஆக, ஃபார்வேர்ட் அனுப்பினவர் முழுப் பொய் சொல்லலை. ஆனா அந்த ஆடு நாள் முழுக்க அதே புல்லைத்தான் தின்னுச்சு. நாம அப்படியா? நம்மள்ல பல பேரோட குடல்ல ஈக்வால் தயாரிக்கிற பாக்டீரியாவே கிடையாது. ஒரே குருமாவைச் சாப்பிட்ட ரெண்டு பேர் ரத்தத்துல வேற வேற சரக்கு ஓடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒண்ணுதான்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தாங்க. 1996ல ஸ்வீடன்ல பீட்டாங்கிற ரெண்டாவதைக் கண்டுபிடிச்சாங்க. மார்பகப் புற்றணுக்களை வளரத் தூண்டுறது பெரும்பாலும் ஆல்ஃபா. ஜெனிஸ்டீனோ பீட்டாவைப் பல மடங்கு அதிகமா விரும்புது. எங்க பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸ் ஒண்ணு, உள்ளே ஓடுற கோடு வேற. "ஈஸ்ட்ரோஜன் மாதிரி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சா கணக்கு தப்பும்.

ஆய்வகத் தட்டுல புற்றணு மேல ஜெனிஸ்டீனை ஊத்தினா சில அளவுகள்ல அது வளரத்தான் செய்யுது. பயம் அங்கேருந்து வந்தது. ஆனா மனுஷங்ககிட்ட? ஷாங்காய்ல மார்பகப் புற்றுநோய் சிகிச்சை எடுத்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனிச்சு, 2009ல முடிவை வெளியிட்டாங்க. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவங்ககிட்ட இறப்பும் குறைவு, நோய் திரும்புறதும் குறைவு. டமாக்ஸிஃபென் எடுத்தவங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். சோயாதான் காப்பாத்துச்சுன்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது, கவனிச்சுப் பார்த்த ஆய்வுதானே. ஆனா கெடுதல் பண்ணுதுங்கிற பேச்சுக்கு இது பலமான பதில். சோயா உணவு பாதுகாப்பானதுன்னுதான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சொல்லுது.

உணவுன்னு அழுத்திச் சொல்றேன். ஐசோஃபிளேவோனைச் செறிவாக்கி, மெனோபாஸுக்குன்னு கேப்ஸ்யூலா விக்கிறாங்களே, அது வேற கதை. அதை ஆன்காலஜிஸ்ட்டைக் கேட்காம தொடாதீங்க.

ஜிம் பசங்களுக்கு: டெஸ்டோஸ்டீரோன் குறையும்னு சொல்றதை 2010ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, குறையலை. தைராய்டு மாத்திரை போடுறவங்க மட்டும் மாத்திரையையும் சோயாவையும் ஒரே நேரத்துல சேர்க்காதீங்க, மருந்து உடம்புல ஏறுறதை அது குறைக்கும்.

அந்த நேயருக்கு: அடுத்த செக்கப்புக்குப் போறப்போ அம்மா என்ன சாப்பிடுறாங்க, எவ்வளவுன்னு எழுதி எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. சத்து மாவு, பவுடர்னு ஏதாவது வாங்கியிருந்தா டப்பாவையும் கையோட கொண்டு போங்க.